அவர் போனதற்கும் ஸ்தோத்திரம் சொல்ல வேண்டுமா?

மதிப்புக்குரிய போதகர் ஐயா,

வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடியில் மாமியோடும் மகனோடும் இருக்கிறேன். வயது 46, ஆசிரியை. போன ஜனவரி 19ஆம் திகதி என் கணவர் புற்றுநோயால் காலமானார். ஏழு மாதம் மகரகம புற்றுநோய் வைத்தியசாலைக்கும் வீட்டுக்குமாக அலைந்தோம். எங்கள் ஒழுங்கை முனையில் நிற்கும் ஓட்டோக்கார அண்ணர் சிங்களவர். இரவு இரண்டு மணிக்குக் கூப்பிட்டாலும் வருவார். கடைசி மாதம் காசே வாங்கவில்லை. கடைசி இரவு வாட்டில் இருந்த தாதி மிஸ் ஒருத்தி, டியூட்டி முடிந்தும் வீட்டுக்குப் போகாமல் விடியும்வரை என் பக்கத்தில் இருந்தா. இதெல்லாம் உங்களுக்கு ஏன் எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

விஷயம் இதுதான். டிசம்பர் 31 இரவு ஆராதனையில் எங்கள் சபையில் ஒவ்வொரு குடும்பமும் முன்னால் போய் சாட்சி சொல்லி ஸ்தோத்திரக் காணிக்கை படைப்பது வழக்கம். வீட்டுக்கூட்டம் நடத்தும் அக்கா, "எல்லாத்துக்கும் ஸ்தோத்திரம் சொல்லவேணும், அவர் போனதுக்கும் சொல்லவேணும், சொல்லாட்டி ஆசீர்வாதம் தடைப்படும்" என்கிறா. ஆயிரம் ஸ்தோத்திரம் அச்சடித்த சின்னப் புத்தகம் ஒன்றும் தந்தா. நாற்பதுக்கு மேல் எனக்கு வாய் வரவில்லை. மாமியோ தன் மகனை அடக்கம் செய்த அன்றும் "ஸ்தோத்திரம் ஆண்டவரே" என்றபடிதான் இருந்தா. சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் என் மகன், "அப்பா செத்ததுக்கு தாங்ஸ் சொல்லச் சொல்லுற கடவுள் எனக்கு வேண்டாம்" என்று மூன்று மாதமாக ஆராதனைக்கு வருவதில்லை. ஓராண்டு நினைவுக்கு வீட்டில் ஜெபம் வைக்கச் சொல்லி மாமி கேட்கிறா. என் விசுவாசம் செத்துப்போய்விட்டதா? நான் என்ன செய்ய?

வெள்ளவத்தை வாசகி

அன்புள்ள சகோதரி,

31ஆம் திகதி நெருங்கிவிட்டது, ஆகவே அதை முதலில் சொல்லிவிடுகிறேன். முன்னால் போகவேண்டாம். இந்தக் கிழமையே உங்கள் போதகருக்கு ஒரு கோல் எடுத்து, "இந்த வருஷம் எங்கட குடும்பத்தைக் கூப்பிடாதேங்கோ பாஸ்டர், இருந்த இடத்திலேயே இருக்கிறன்" என்று சொல்லுங்கள். விளக்கம் கொடுக்கத் தேவையில்லை. காணிக்கை போட மனமிருந்தால் கவரில் வைத்துப் பெட்டியில் போட்டுவிடலாம். நடுவில் எழுந்து வெளியே போகவேண்டி வந்தால் போவதற்கு வசதியாகக் கதவோரம் உட்காருங்கள். போதகர் வற்புறுத்தினால் அன்றிரவு மாமியோடு வீட்டில் இருங்கள். ஆண்டவருக்கு உங்கள் தொடர்மாடிக்கும் வழி தெரியும்.

இனி அக்காவின் வசனம். அவர் சொல்வது 1 தெசலோனிக்கேயர் 5:18 ஆக இருக்கும். வேதாகமத்தைத் திறந்து நீங்களே பாருங்கள். "எல்லாவற்றிலேயும் ஸ்தோத்திரஞ்செய்யுங்கள்" என்றுதான் இருக்கிறது. எல்லாவற்றிலேயும் என்பது வேறு, எல்லாவற்றிற்கும் என்பது வேறு. மழையில் நனைந்துகொண்டு ஒருவர் நன்றி சொல்லலாம். நனைந்ததற்கே நன்றி சொல்லவேண்டும் என்று யாரும் அவரைக் கட்டாயப்படுத்த முடியாது.

இதை வேற்றுமை உருபில் தொங்கும் வாதம் என்று நினைக்கவேண்டாம். இயேசு காட்டிக்கொடுக்கப்பட்ட இரவை எடுத்துப் பாருங்கள். அப்பத்தை எடுத்தார், ஸ்தோத்திரம்பண்ணினார், பிட்டுக் கொடுத்தார். கிரேக்க மூலத்தில் அந்த இடத்திலும் தெசலோனிக்கேயர் வசனத்திலும் ஒரே வினைச்சொல்தான் வருகிறது. கத்தோலிக்கர் நற்கருணை என்று சொல்கிற அந்தத் திருவிருந்துக்கு யூக்கரிஸ்தியா, அதாவது நன்றிசெலுத்துதல், என்று பெயர் வந்ததும் அதிலிருந்துதான். ஆனால் அன்று அவர் எதற்கு நன்றி சொன்னார்? கையிலிருந்த அப்பத்துக்கு. அதே மேசையில் கைவைத்திருந்த யூதாசின் துரோகத்துக்கு அவர் நன்றி சொன்னதாக நான்கு சுவிசேஷங்களில் எங்கும் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து கெத்செமனேயில், இந்தப் பாத்திரம் என்னைவிட்டு நீங்கட்டும் என்று வியர்வை சிந்தக் கேட்டார். ஒரே இரவில் நன்றியும் வேண்டாமென்ற மன்றாட்டும் ஒரே வாயிலிருந்து வந்தன. அவரை விசுவாசக் குறைவுள்ளவர் என்று சொல்ல அந்த அக்காவுக்கும் துணிவு வராது.

மரணத்தைப் பவுல் எப்படி அழைக்கிறார் என்றும் பாருங்கள். "பரிகரிக்கப்படுங் கடைசிச் சத்துரு மரணம்" என்கிறார் (1 கொரிந்தியர் 15). சத்துரு வீட்டுக்குள் வந்து போனதற்கு ஸ்தோத்திரக் காணிக்கையா? அவருடைய உடன்வேலையாளாகிய எப்பாப்பிரோதீத்து சாகும் தறுவாயிலிருந்து தப்பியபோது, துக்கத்தின்மேல் துக்கம் எனக்கு வராதபடி தேவன் இரங்கினார் என்று பிலிப்பியருக்கு எழுதினார். அவன் செத்திருந்தால் தனக்கு அது துக்கமாகத்தான் இருந்திருக்கும் என்று ஒளிக்காமல் சொல்லுகிறவர்தான் நமக்கு "எல்லாவற்றிலேயும்" எழுதியவர்.

"எபேசியர் 5:20இல் எல்லாவற்றிற்காகவும் என்றுதானே இருக்கு?" என்று அக்கா திருப்பிக் கேட்கலாம். நியாயமான கேள்வி. அதற்கு முந்திய வசனம் சங்கீதங்களைப் பாடச் சொல்லுகிறது. சங்கீதப் புத்தகத்துக்கு எபிரெயப் பெயர் தெஹில்லீம், துதிகள். உள்ளே போய்ப் பார்த்தால் 150இல் ஏறக்குறைய மூன்றில் ஒன்று புலம்பல். "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்று 13ஆம் சங்கீதம் முகத்துக்கு நேரே கேட்கிறது. 88ஆவது கதறலில் தொடங்கி இருளிலேயே முடிகிறது, எபிரெயத்தில் அதன் கடைசிச் சொல்லே இருள்தான். இந்தப் புலம்பல்களையெல்லாம் சேர்த்துக் கட்டி மேலே "துதிகள்" என்று பெயரெழுதி வைத்த முன்னோர்கள் நம் வீட்டுக்கூட்டங்களைவிட விசாலமான மனமுள்ளவர்கள் என்று எனக்கு அடிக்கடி தோன்றும்.

ஆசீர்வாதம் தடைப்படும் என்று சொன்னதுதான் எனக்குக் கோபத்தை உண்டாக்கியது. துதித்தால் கதவு திறக்கும் என்பதற்கு அப்போஸ்தலர் 16ஐ எடுப்பார்கள். பிலிப்பி சிறைச்சாலை, நடுராத்திரி, பவுலும் சீலாவும் பாடினார்கள், பூமி அதிர்ந்தது. சரி. கதவு திறந்த பிறகு அவர்கள் வெளியே ஓடவில்லை, உள்ளேயே இருந்தார்கள் என்பதைச் சேர்த்து வாசிப்பவர்கள் குறைவு. கதவைத் திறக்கும் சாவியாக அவர்கள் பாட்டைப் பிடித்திருக்கவில்லை. அதற்கு நாலு அதிகாரம் முன்னால் 12ஆம் அதிகாரத்தில் யாக்கோபு பட்டயத்தால் கொல்லப்படுகிறான், பேதுரு விடுதலையாகிறான். ஒரே சபை, ஒரே ஏரோது, ஒரே அதிகாரம். யாக்கோபின் வீட்டார் ஸ்தோத்திரத்தில் எண்ணிக்கை குறைத்துவிட்டார்களா? லூக்கா அப்படி எதுவும் எழுதவில்லை. உங்கள் கணவருடைய சாவு உங்கள் ஸ்தோத்திரக் கணக்கில் விழுந்த துண்டு அல்ல. மகனுடைய பரீட்சை முடிவும் அந்தக் கணக்கில் தொங்கவில்லை.

அக்காவை மட்டும் குறைசொல்லிவிட்டு நான் நல்லவனாகிவிட முடியாது. ஊழியத்துக்கு வந்த இரண்டாம் வருடம், மட்டக்குளியில் ஒரு வீடு. நாலு வயதுப் பிள்ளை, டெங்கு. நான் வேதாகமத்தைத் திறந்துகொண்டு தாயின் முன்னால் நின்று, எல்லாம் நன்மைக்கே, ஸ்தோத்திரம் சொல்லுவோம் என்று தொடங்கினேன். மூலையில் இருந்த கிழவி ஒருத்தி, "தம்பி, கொஞ்சம் சும்மா இரும்" என்றா. அவ்வளவுதான். எழுந்து வந்து ஒரு பிளேன்டீயை என் கையில் திணித்து என்னைக் கதிரையில் இருத்தினா. செத்தவீட்டில் என்ன செய்யவேண்டும் என்பதை இறையியல் கல்லூரியைவிட அந்தக் கதிரைதான் எனக்குக் கற்பித்தது. மனதுக்கமுள்ளவனுக்குப் பாட்டுப் பாடுகிறவன் குளிர்காலத்தில் அவன் உடுப்பைக் களைகிறவனைப்போல என்று நீதிமொழிகள் 25இல் இருப்பதைப் பிறகுதான் கவனித்தேன். கொழும்பு வெயிலில் குளிர்காலம் என்றால் நமக்கு உறைக்காது. காய்ச்சல்காரனின் போர்வையை இழுப்பதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நன்றி என்ற சொல்லையே நாம் அவசரத்தில் பாவிக்கிறோம். பழந்தமிழில் நன்றி என்றால் செய்யப்பட்ட நன்மை. அதனால்தான் வள்ளுவர் அந்த அதிகாரத்துக்கு "செய்ந்நன்றி அறிதல்" என்று தலைப்பு வைத்தார். அறிவதுதான் அங்கே முதல் வேலை, சொல்வது அதற்குப் பிறகு. நன்மை என்று அறியாத ஒன்றுக்கு எப்படி நன்றி அறிவது? எபிரெயத்தில் நன்றிக்குரிய சொல் தோதா. அதே சொல்லுக்கு அறிக்கை என்றும் பொருள் உண்டு. ஆகான் திருடியதை ஒப்புக்கொள்ளும்படி யோசுவா கேட்கும் இடத்திலும் மூலத்தில் அந்தச் சொல்தான். நடந்ததை நடந்தபடி தேவனுக்கு முன்னால் சொல்வதுதான் இரண்டுக்கும் பொது. பொய்யாகச் சொன்னால் அது பாவ அறிக்கையாகாது, ஸ்தோத்திரமும் ஆகாது.

கொழும்பில் இருக்கிற நமக்கு இன்னொரு வசதியும் உண்டு. தமிழில் துதி என்ற சொல்லைத் தெய்வத்துக்கென்று ஒதுக்கி வைத்துவிட்டோம். சிங்களத்தில் அதே வடமொழிச் சொல், நன்றி என்ற பொருளில், "ஸ்துதியி" என்று பஸ் கண்டக்டருக்கும் மரக்கறிக் கடைக்காரருக்கும் நாள் முழுக்கச் சொல்லப்படுகிறது. 138ஆம் இலக்க பஸ்ஸில் மகரகமவுக்குப் போய்வந்த நாட்களில் எத்தனை தரம் கேட்டிருப்பீர்கள். காலிவீதியில் காலையிலிருந்து இரவுவரை துதி நடக்கிறது என்று நான் சில வேளை வேடிக்கையாகச் சொல்வேன். வேடிக்கைதான், ஆனால் முழுக்க வேடிக்கையும் இல்லை.

இப்போது உங்கள் கடிதத்தை மறுபடி எடுக்கிறேன். ஓட்டோக்கார அண்ணரைப் பற்றியும் அந்த மிஸ்ஸைப் பற்றியும் எழுதிவிட்டு, ஏன் எழுதுகிறேன் என்று தெரியவில்லை என்கிறீர்கள். எனக்குத் தெரியும் என்று நினைக்கிறேன். யாரும் புத்தகம் தராமல், நாற்பது, ஐம்பது என்று எண்ணாமல், செய்யப்பட்ட நன்மையை நீங்கள் அறிந்து எழுதியிருக்கிறீர்கள். முழுக் கடிதத்திலும் உங்கள் எழுத்து தடுமாறாத இடம் அந்த நான்கைந்து வரிகள்தான். விசுவாசம் செத்துவிட்டதா என்று கேட்டீர்கள். செத்த கையால் அந்த வரிகளை எழுத முடியாது.

லாசருவின் கல்லறையில் நடந்ததை வரிசை தப்பாமல் வாசியுங்கள். யோவான் 11இல் 35ஆம் வசனம், இயேசு கண்ணீர் விட்டார். 41ஆம் வசனம், பிதாவே, உம்மை ஸ்தோத்திரிக்கிறேன். இரண்டுக்கும் இடையில் ஐந்து வசனம். எழுப்பப்போகிறோம் என்று தெரிந்தவரே முதலில் அழுதார். உங்களுக்கு அந்த ஐந்து வசனம் ஐந்து வருடமாக நீளலாம். அதைச் சுருக்கச் சொல்லும் உரிமை யாருக்கும் இல்லை, எனக்கும் இல்லை.

2019 உயிர்த்த ஞாயிறு அன்று ஆலயங்களில் குண்டு வெடித்தது உங்களுக்கும் நினைவிருக்கும். அடுத்த ஞாயிறு கத்தோலிக்கக் கோயில்களில் திருப்பலி இல்லை. கர்தினால் தன் இல்லத்துச் சிற்றாலயத்தில் நிறைவேற்றியதைத் தொலைக்காட்சியில் பார்த்தோம். கட்டுவாப்பிட்டி புனித செபஸ்தியார் ஆலயத்தில் அன்று இரத்தம் தெறித்த இயேசுவின் உருவத்தைக் கழுவாமல் கண்ணாடிக்குள் வைத்திருக்கிறார்கள். சுவரையும் கூரையையும் திருத்தினார்கள், அதைத் திருத்தவில்லை. அந்தக் கறையைப் பார்த்துக்கொண்டேதான் அங்கே நன்றிப்பலி ஒப்புக்கொடுக்கிறார்கள். நான் கத்தோலிக்கன் அல்ல, சுரூபங்களைப் பற்றி எங்கள் பக்கத்துப் போதனை வேறு. ஆனாலும் ஸ்தோத்திரத்தைப் பற்றி நான் கண்ட மிக நல்ல பிரசங்கம் அந்தக் கண்ணாடிப் பெட்டி. துடைத்துவிட்டுத்தான் துதிக்கவேண்டும் என்று அங்கே யாரும் சொல்லவில்லை.

அந்தச் சின்னப் புத்தகத்தை அலுமாரியில் வைத்துவிடுங்கள். கிழித்துப் போடவேண்டாம். சொந்த வார்த்தை வற்றிப்போன நாளில் இரவல் வார்த்தை சிலருக்குக் கைகொடுக்கும். உங்கள் மாமிக்கு அது மூச்சுப்போல. மகனைப் புதைக்கும்போது ஸ்தோத்திரம் என்றவருக்கு வேறு எந்தச் சொல்லும் அப்போது வந்திருக்காது. அவருடைய ஸ்தோத்திரத்தை உங்களுக்கான அளவுகோலாக வைக்காதீர்கள், கல்நெஞ்சு என்றும் எண்ணாதீர்கள். ஒருநாள் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, "மாமி, அண்டைக்கு என்ன நினைச்சு ஸ்தோத்திரம் சொன்னனீங்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். பதில் எனக்குத் தெரியாது. ஆனால் ஒரு வருடமாக ஒரே வீட்டில் தனித்தனியாக அழுகிற இரண்டு பெண்கள் நீங்கள் என்பது கடிதத்திலிருந்து தெரிகிறது. வீட்டுக்கூட்ட அக்காவையும் பகைக்கவேண்டாம். மற்றவர்களை அவசரமாக ஸ்தோத்திரத்துக்குள் தள்ளுகிறவர்களில் பலர் தங்களுடைய ஒரு துக்கத்தைத் திறந்து பார்க்கப் பயந்தவர்கள் என்பது என் அநுபவம். அதற்காக அவர் சொல்வதற்குத் தலையாட்டவும் வேண்டாம்.

மகன் விஷயத்தில் நான் அவ்வளவு பயப்படவில்லை. அப்பா செத்ததை நல்லது என்று சொல்லச் சொன்னார்கள், அவன் மறுத்துவிட்டான். அந்த இடத்தில் அவன் சரி, அதை அவனுக்கே சொல்லுங்கள்: "நீ சொன்னது சரிதான் ராசா, அப்பா போனது நல்லதில்லை." தாயின் வாயிலிருந்து அதைக் கேட்டாலே பாதிப் பாரம் இறங்கும். ஆராதனைக்கு இழுக்காதீர்கள். 88ஆம் சங்கீதத்தை அவன் போனுக்கு அனுப்பி, கீழே விளக்கம் எதுவும் எழுதாமல் விடுங்கள். வேதாகமத்துக்குள் இப்படியும் ஒருவன் கத்தியிருக்கிறான் என்று அவனே கண்டுபிடிக்கட்டும். தகப்பனோடு கிரிக்கெட் பார்த்த, வேலை செய்த சிநேகிதர் யாராவது இருந்தால், பிரசங்கம் செய்யாதவராகப் பார்த்து, மாதம் ஒருதரம் அவனை வெளியே கூட்டிப்போகச் சொல்லுங்கள்.

உளவளத்துணையாளனாக ஒரு வார்த்தை. இரவில் நித்திரை இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, வகுப்பில் நிற்க முடியவில்லை, இருந்து என்ன பயன் என்ற நினைவு வந்துபோகிறது என்றால், அது உங்களுக்கோ மகனுக்கோ யாருக்கு என்றாலும், ஜெபத்தோடு மட்டும் விட்டுவிடாதீர்கள். வைத்தியரிடம் போங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கம் இரவும் பகலும் இயங்குகிறது. அதற்கு அழைப்பது விசுவாசக் குறைவு என்று யாராவது சொன்னால், மகரகமவுக்குப் போனதும் விசுவாசக் குறைவா என்று கேளுங்கள்.

கடைசியாக ஓராண்டு நினைவு. லேவியராகமம் 7இல் ஸ்தோத்திர பலியைப் பற்றி ஒரு விசித்திரமான சட்டம் இருக்கிறது. பொருத்தனைக்காகச் செலுத்திய பலியின் இறைச்சியை மறுநாளும் சாப்பிடலாம். ஸ்தோத்திரத்துக்காகச் செலுத்தினால் அன்றே சாப்பிட்டு முடிக்கவேண்டும், விடியும்வரை ஒன்றும் மிஞ்சக்கூடாது. ஒரு ஆட்டை, அதோடு கூடைகூடையாக அப்பத்தை, ஒரு வீட்டார் ஒரே நாளில் எப்படித் தின்று முடிப்பார்கள்? அயலைக் கூப்பிட்டே ஆகவேண்டும். கூப்பிட்டால் வந்தவர்கள் எதற்கு இந்தச் சாப்பாடு என்று கேட்பார்கள், சொல்லியும் ஆகவேண்டும். சாட்சி சொல்லும் வேளை அப்படித்தான் ஒலிவாங்கி இல்லாத காலத்தில் நடந்திருக்கவேண்டும்.

ஆகவே ஜனவரி 19 அன்று மாமி விரும்பியபடி வீட்டில் ஜெபம் வையுங்கள். போதகரிடம் சுருக்கமாக முடிக்கச் சொல்லுங்கள். பதின்மூன்றாம் சங்கீதத்தை யாராவது வாசிக்கட்டும். மாமி ஆசைப்பட்டால் ஸ்தோத்திரம் சொல்லட்டும், மகன் அறைக்குள் இருக்க விரும்பினால் இருக்கட்டும். பிறகு சாப்பாடு. அந்த மிஸ்ஸைத் தேடிப்பிடித்து அழையுங்கள், வாட்டில் கேட்டால் தெரியும். ஓட்டோக்கார அண்ணரையும் அவர் வீட்டாரையும் கூப்பிடுங்கள். அவருக்குச் சோறு போடும்போது, அந்தக் கடைசி மாதத்துக்காக, கேட்கும்படியாக அவருடைய பாஷையிலேயே ஸ்துதியி என்று சொல்லுங்கள். வாசலில் வைத்துச் சொன்னால் கையை ஆட்டிவிட்டு ஓட்டோவைக் கிளப்பிவிடுவார், சாப்பாட்டுக்கு இருத்திவிட்டுச் சொல்லுங்கள். சட்டியில் ஒன்றும் மிச்சம் வைக்கவேண்டாம், மேல்மாடி, கீழ்மாடி வீடுகளுக்குக் கொடுத்துவிடுங்கள். கறி என்ன என்று இப்போதே யோசியுங்கள். சிங்கள பௌத்த வீடுகளில் பலர் மாட்டிறைச்சி தொடமாட்டார்கள், கோழி ஆகுமா என்று முன்கூட்டி ஒருதரம் கேட்டுவைப்பது நல்லது.